உறையாத ஊரில் ஒரு ‘ஆந்திழெல்’

போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், தாத்தா விட்டுப்போன பழைய அம்பாசிடரைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தான். “ஐயா, கூலன்ட் மாத்தணும். கடையில பச்சை, சிவப்பு, நீலம்னு மூணு வெச்சிருக்காங்க. எதை ஊத்தறது?” என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முப்பத்தைந்து ஆண்டு எழுத்தராகக் கோப்பு பார்த்தவன் நான். முன்வரலாறு எழுதாமல் முடிவுக்குப் போகக் கை வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வண்டியின் கதையே தண்ணீர்க் கதைதான். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும். சூடும் அதோடு போகும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பிள்ளைகளோடு அந்த வண்டியில் நெடுந்தூரம் போனபோது, வழி நெடுகத் தண்ணீர் தேடி ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்த பிறகுதான், அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து காற்றில் ஆறும் முறை நிலைத்தது.

குளிர் நாடுகளில் வேறொரு தொல்லை. தண்ணீர் உறைந்தால் பருக்கும். பருத்தால் இரும்பையே பிளந்துவிடும். அதைத் தடுக்க மெத்தில் ஆல்கஹால் கலந்து பார்த்தார்கள், கிளிசரின் கலந்து பார்த்தார்கள். கால்சியம் குளோரைடு என்ற உப்பைக்கூடக் கரைத்து ஊற்றினார்கள். உப்பு உறைவதைத் தடுத்தது, ஆனால் ரேடியேட்டரை அரித்துத் தின்றது. இந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதையிலும் அது வருகிறது.

விடை ஏற்கெனவே பாரிசில் ஒரு சோதனைச் சாலையில் பிறந்திருந்தது. ஷார்ல் அதோல்ஃப் வுர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலார் 1850-களில் எத்திலீன் கிளைக்கால் என்ற இனிப்பான திரவத்தை முதன்முதலில் தயாரித்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 அறிஞர் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அவர் பெயர் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் அவர் காலத்தில் அந்தத் திரவத்துக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. எழுபது ஆண்டு கழித்து, 1927 வாக்கில், அமெரிக்காவில் ‘பிரெஸ்டோன்’ என்ற பெயரில் டப்பாக்களில் அடைத்து வண்டிக்காரர்களுக்கு விற்றார்கள். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினைக் குளிர்வித்ததும் கிளைக்கால்தான்.

இதற்கு ஆங்கிலத்தில் ஆன்டிஃப்ரீஸ் என்று பெயர். பிரெஞ்சில் ‘ஆந்திழெல்’. இரண்டுக்கும் பொருள் உறைவெதிர்ப்பி. அந்தப் பெயர்தான் என்னை ஏமாற்றியது.

1980-களின் கடைசி. என் மனைவியின் தம்பி காட்டூரில் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்கு அவசரமாகப் போக வேண்டுமென்றால் ராத்திரியில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒருமுறை சென்னையில் ஒரு மெக்கானிக் சொன்னார் என்று ஒரு டப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். “மாமா, ஆன்டிஃப்ரீஸாம். வெலை ஜாஸ்தி. வாங்கலாமா?” என்று கேட்டான். நான் சிரித்தேன். “டேய், இது பனி உறையுற நாட்டுக்கு. காட்டூர்ல என்னடா பனி? கிணத்துத் தண்ணியை ஊத்து” என்றேன். பிரெஞ்சு படித்த மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

நம் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். போதாக்குறைக்கு 1960-களிலிருந்து மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆழ்கிணறுகள் போட்டு இறைக்க, கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஏறிவிட்டது. கடைசியில் 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே கட்ட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட மண்ணின் தண்ணீரைத்தான் அவன் ரேடியேட்டரில் ஊற்றினான்.

ஒரு கத்திரி வெயில் மாதத்து இரவு, ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை ஏற்றிக்கொண்டு பொன்னேரி போகும்போது பாதி வழியில் வண்டி கொதித்து நின்றது. அவசரத்தில் மூடியைத் திறந்தவனின் முழங்கை வரை நீராவி அடித்தது. சாலையோர ஓடையில் உவர்நீரை மொண்டு ஊற்றி எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வண்டி பிழைக்கவில்லை. சில மாதத்தில் ஹெட் கேஸ்கட் போயிற்று, பிறகு பிளாக்கிலேயே விரிசல். ரேடியேட்டரை அறுத்துப் பார்த்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பாதிக் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தன. ஈயப் பற்று அரித்துப் போயிருந்தது. “உப்பு தின்னுடுச்சு ஐயா” என்றார். மைத்துனன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனான். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். அந்தத் திரவத்துக்கு உறைவதைத் தடுப்பது ஒரு வேலை மட்டுமே. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் அது 100 டிகிரியில் கொதிக்காது. 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். அதைவிட முக்கியம், அதில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பு மருந்துகள். அம்பாசிடரின் எஞ்சின் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், பற்றுவைத்தது ஈயம். இத்தனை உலோகமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி போலாகி ஒன்றை ஒன்று அரிக்கும். உறையாத ஊரான நமக்குத்தான் இந்த மருந்து அதிகம் தேவை.

இனி பையனின் கேள்விக்கு வருவோம்.

நிறத்தை நம்பக் கூடாது. அது கம்பெனிக்காரர் போடும் சாயம். டப்பாவின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். செம்பு, பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய வண்டிக்கு சிலிகேட், பாஸ்பேட் சேர்ந்த பழைய வகைதான் பொருத்தம். பெரும்பாலும் அது பச்சையாக இருக்கும். 1990-களில் வந்த, கரிம அமிலம் சேர்ந்த ஐந்தாண்டு வகை அலுமினிய ரேடியேட்டர் உள்ள புது வண்டிகளுக்கு நல்லது. செம்பையும் ஈயப் பற்றையும் அவ்வளவாகக் காப்பாற்றாது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. மருந்துகள் ஒன்றை ஒன்று கெடுக்கும். சில சமயம் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும். ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றும் முறை இது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அடித் திருகைக் கழற்றி வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். துரு நிறம் போகும் வரை இதைச் செய்யலாம். வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், தேய்ந்த மூடி ரப்பர் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். செறிவான கூலன்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடலாம். பழைய வகையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வடித்த திரவத்தை மண்ணிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். அது இனிக்கும். நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் விஷம். டப்பாவில் அடைத்து, மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பையன் பச்சையை வாங்கி வந்தான். நேற்று இருவரும் சேர்ந்து மாற்றினோம். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். என் மைத்துனன் மூன்று ஆண்டுக்கு முன் காலமாகிவிட்டான். அன்று அவன் எழுதிக்கொண்டு வந்த டப்பாவை வாங்கச் சொல்லியிருந்தால், அந்த வண்டி இன்னும் சில ஆண்டாவது அவன் பெயரில் ஓடியிருக்கும்.