பன்னிரண்டு ஆண்டு அனுபோகமும் ஒரு விதவையின் நிலமும்

பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கிறது. நிலத்தில் உழுது பயிர் செய்பவரோ வேறொருவர். நிலம் யாருக்குச் சொந்தம்? பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான் என்று பலரும் சொல்வார்கள். ஆனால் சட்டம் எப்போதும் அப்படிச் சொல்வதில்லை!

இது இன்று நேற்று வந்த சட்டம் அல்ல. நிலத்தை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தவருக்கு அது சொந்தமாகும் வழி பழைய ரோமாபுரியிலேயே இருந்தது. இங்கிலாந்தில் 1623-ஆம் ஆண்டுச் சட்டம், இழந்த நிலத்தை மீட்க 20 ஆண்டு கெடு வைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கென 1859-இல் வந்த காலவரையறைச் சட்டம் அதை 12 ஆண்டாக்கியது. சுதந்திர இந்தியாவின் 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் 12 ஆண்டையே வைத்துக்கொண்டது. அரசு நிலம் என்றால் 60 ஆண்டாக இருந்த கெடு 30 ஆண்டாகக் குறைந்தது.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. காலம் போகப் போகப் பத்திரங்கள் தொலையும், சாட்சிகள் இறந்துபோவார்கள். வழக்குக்கு ஒரு முடிவு வேண்டாமா? ஆனால் வெறுமனே குடியிருந்தால் போதாது. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்திருக்க வேண்டும். இதைத்தான் 'எதிரிடை அனுபோகம்' என்கிறார்கள். உரிமையாளரின் அனுமதியோடு இருக்கும் காவல்காரர் எத்தனை வருடம் இருந்தாலும் அது எதிரிடை அனுபோகம் ஆகாது.

ஏமாந்த ஏழைக்கு எதிராக இந்த வாதத்தை அரசாங்கமே எடுத்தால்?

இமாச்சலப் பிரதேசத்தின் ஹமீர்பூர் மாவட்டத்தில் அதுதான் நடந்தது. 1967-68-இல் சாலை போடுவதற்காக, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விதவையின் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. முறையாகக் கையகப்படுத்தவும் இல்லை, இழப்பீடு தரவும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டு இழப்பீடு பெற்றது தெரிந்த பிறகு, 2010-இல் அவரும் நீதிமன்றம் போனார். "42 வருடமாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, அதனால் எங்களுக்கே சொந்தம்" என்றது அரசு!

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மக்கள் நல அரசு தன் குடிமக்களின் நிலத்தை இப்படிச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று கூறி, எட்டு வாரத்துக்குள் இழப்பீடு தர உத்தரவிட்டது. அப்போது அவருக்கு வயது 80.

இந்தச் சட்டமே நியாயமற்றது, மத்திய அரசு இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் மாற்றம் தேவையில்லை என்று 2023-இல் சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது.

உரிமையைக் கேட்காமல் தூங்கியவருக்குச் சட்டம் உதவாது என்பார்கள். அந்த மூதாட்டி தூங்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தூங்குவதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் 12 ஆண்டு என்ற எண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நீதிபதிதான்.