அலைவரிசைப் பங்கீடும் காவிரிப் படுகையும்

காவிரிப் படுகையில் முறை என்னும் சொல் நீரைக் குறித்தே பெரிதும் வழங்குகின்றது. நீர் சுருங்கிய காலத்து ஆறுகளுக்கு நாள் வகுத்து நீர் விடுவதனை முறைப்பாசனம் என்பர். வானொலி அலைகளை அரசு பகிர்ந்தளித்த வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு இந்நிலத்து வழக்கு நல்லதோர் அளவுகோலாகும்.

முதற்கண் சொல்லாராய்ச்சி வேண்டப்படுகின்றது. அனைத்துலக வழக்கில் மூன்று வேறு செயல்கள் உள. அலைப்பரப்பின் ஒரு பகுதியை ஒலிபரப்பு, கப்பல், வானூர்தி முதலிய பணிகளுக்கெனப் பகுத்தல் ஒன்று. அப்பகுதியிலுள்ள வரிசைகளை நாடுகட்கோ வட்டாரங்கட்கோ பங்கிடுதல் ஒன்று. குறித்த ஒரு நிலையத்திற்குக் குறித்த ஒரு வரிசையை உரியதாக்குதல் ஒன்று. தமிழில் இம்மூன்றனையும் ஒதுக்கீடு என்றே எழுதி வருகின்றோம். கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதும், கிளைவாய்க்காலுக்கு முறை வைப்பதும், ஒருவன் வயலுக்கு மடை திறப்பதும் ஒரே செயல் எனக் கொள்வார் இப்படுகையில் இலர். அலைவரிசை பற்றிய நம் கட்டுரைகளிற் காணப்படும் குழப்பத்திற் பெரும்பகுதி இச்சொல் வறுமையால் நேர்ந்தது என்பது என் கருத்து.

காவிரி நீர் குறித்துச் சென்னை அரசும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்ட 1924-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. யாண்டு ஒத்தது தற்செயலே. எனினும், ஒரு பொருளை எல்லை கடந்து பகிர்தற்கு உடன்பாடு வேண்டும் என்னும் கருத்து இரண்டிடத்தும் அக்காலத்தே வலுப்பெற்றது. 1927-இல் வாசிங்டனில் கூடிய அனைத்துலக மாநாடு அலைப்பரப்பினைப் பணிவாரியாகப் பகுத்தது. இந்தியாவிலோ 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்தித் தொடர்பினை அரசின் தனியுரிமையாக்கி இருந்தது; 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருத்தலையும் குற்றமாக்கிற்று. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியபோது அதன் ஒலியைக் கேட்கப் பெட்டி வாங்கிய மிராசுதாரர் அஞ்சலகத்தில் உரிமமும் பெறவேண்டியிருந்தது.

விடுதலைக்குப்பின் படை, காவல், இரயில்வே, வானூர்தி, ஒலிபரப்பு ஆகிய துறைகள் ஒன்றன் அலையில் மற்றொன்று புகாவண்ணம் காத்தற்கு, 1952-இல் கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு நிறுவப்பெற்றது. அதனோடு அமைந்த நிலைக்குழுவில் இப்பெருந்துறைகளின் சார்பாளர் இடம்பெறுவர். புதிய கம்பம் ஒன்று எழுப்பப் புகின், அதன் உயரம் வானூர்திக்கு இடையூறாகுமா, முன்னுள்ள தொடர்பின் நேர்ப்பார்வையை மறைக்குமா, அதன் அலை பிறரலையைக் கெடுக்குமா என இக்குழு ஆராயும். 2013-இல் தஞ்சையில் விமானப்படைத் தளம் முறையாகத் தொடங்கப்பெற்றமையின், இவ்வாய்வு இவ்வட்டாரத்தார்க்கு ஏட்டுச் செய்தியன்று.

நீருவமை ஓரிடத்திற் பிழைபடுகின்றது. மேல்மடையார் கொண்ட நீர் கடைமடைக்கு வாராது; அலையோ பயன்படுத்துதலால் தேய்வதன்று. ஒரே வரிசையில் இருவர் பேசின் இருவர்க்கும் பயனில்லை என்பதே ஈண்டுள்ள இடர். மத்திய அலை இரவில் அயனி மண்டலத்திற் பட்டு மீண்டு நெடுந்தொலைவு செல்லுமாதலின், அண்டை நாடுகளின் இசைவும் இன்றியமையாதது. 1975-இல் செனீவாவில் வகுத்த திட்டத்தின்படி மத்திய அலை வரிசைகட்கு இடையே 9 கிலோஹெர்ட்சு இடைவெளி அமைந்தது. 1978 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. திருச்சி நிலையத்திற்குரிய 936 என்னும் எண் ஒன்பதின் மடங்காதல் இதனாலேயே.

வரிசையைக் காக்கும் அரசு செவியைக் காக்கவியலாது என்பதனையும் இப்படுகை கண்டது. 1952-இல் மைய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிற் கட்டுப்படுத்தவே, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலி கேட்போரை ஈர்த்துக்கொண்டது.

எனினும் திருச்சி நிலையத்தின் பெரும்பயன் பிறிதொன்று. 1966-இல் அங்குப் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு ஏற்பட்டது. ஆடுதுறை ஆய்வு நிலையம் குறுவைக்கென உருவாக்கிய ஏ.டி.டி. 27 நெல்லைப் பற்றி அது இடையறாது அறிவித்தமையின், தஞ்சை உழவர் அந்நெல்லையே வானொலி நெல் என வழங்கலாயினர். மக்கள் ஒரு விதைக்கு இட்ட இப்பெயர், இடையூறற்ற ஓர் அலைவரிசையின் பயனைப் புலப்படுத்தும் நேர்ச்சான்றாகும். அலுவலகக் கோப்புகளில் இதற்கிணையான சான்று கிடைத்தல் அரிது.

அலைகள் பொதுவுடைமை என உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரி 9-இல் தீர்ப்பளித்தது. 2012-இல் 122 உரிமங்கள் நீக்கப்பட்டமைக்கும் பொதுப்பொருளைப் பங்கிட்ட முறை நேரிதன்று என்பதே காரணமாயிற்று. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஏலத்தைப் பொதுவிதியாக்கி, விலக்குகளை ஓர் அட்டவணையில் நிரல்படுத்தியது. நாட்டுக் காவல், வானிலை அறிவிப்பு முதலியவற்றோடு பொதுநல ஒலிபரப்பும் அவ்வட்டவணையில் இடம்பெற்றுள்ளது.