மலாயாத் தோட்டங்களில் கூட்டுப்பேரம்: சட்டமும் நடைமுறையும்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் முன்வைத்த கோரிக்கைகள் கூலியோடு நின்றுவிடவில்லை. சீனத் தொழிலாளருக்கு ஈடான ஊதியத்தோடு, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினர் தோட்டத்திற்குள் வந்துபோகும் உரிமை, வெள்ளைத் துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழித்தல், குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்காமை ஆகியனவும் அவற்றுள் இடம்பெற்றன. கூட்டுப்பேரத்தின் முதற்சிக்கலைச் சுட்டுவது இவற்றுள் இறுதியானதே. பேச வருவோனுக்கு வேலை நிலைக்கும் என்னும் உறுதி இல்லாதவிடத்துப் பேரம் எங்ஙனம் தொடங்கும்? கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை வழிநடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவிற்கு நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

போருக்குப்பின் தடை சட்டத்தின் வடிவில் வந்தது. 1948ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரே தொழிலைச் சார்ந்த சங்கங்களே கூட்டமைப்பாக இணையலாம் என வரையறுத்தது. செயலாளர் நீங்கலான பொறுப்பாளர்க்கு அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றது. பார்வைக்கு இவை வெறும் நிருவாக விதிகள். ஆயினும், பல துறையினரை ஒன்றிணைத்திருந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் இவற்றால் சட்டத்தகுதி இழந்தது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார்.

1954இல் பல சங்கங்கள் இணைந்து, பி. பி. நாராயணன் முன்னின்று உருவாக்கிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முதலாளிகளின் பொது அமைப்போடு நாடளாவிய உடன்படிக்கை செய்துகொள்ளும் நிலை அதன்பின் வாய்த்தது. இது சிறிய பேறன்று. எனினும் ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்ட ஊதியம், விலைச்சரிவின் சுமையைப் பால்வெட்டுவோர்மீதும் ஏற்றியது. குடியிருந்த லயத்து வீடோ தோட்டத்திற்கே உரியது. வேலை போயின் கூரையும் போகும். வேலைநிறுத்தம் என்னும் கருவி சட்டத்தால் மட்டுமன்றி இதனாலும் மழுங்கியது.

1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் பேரத்தின் எல்லையையே சுருக்கியது. பணியமர்த்தல், பதவி உயர்வு, இடமாற்றம், பணிநீக்கம், ஆட்குறைப்பு ஆகியன முதலாளியின் தனியுரிமை எனக் கொள்ளப்பட்டு, சங்கம் முன்வைக்கும் முன்மொழிவுகளிலிருந்து விலக்கப்பட்டன. பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்பிற்கென விற்கப்பட்டபோது தொழிலாளர் எதிர்கொண்டது ஆட்குறைப்பையே. சங்கத்தால் பேசவியலாப் பொருளும் அதுவே. தீபகற்ப மலேசியாவில் 2013 முதல் நடைமுறைக்கு வந்த 900 ரிங்கிட் குறைந்தபட்ச மாத ஊதியமும், அரசாணையின்வழியே கிட்டியது.