1341இல் அரியணை ஏறிய இருவர்: மாலியின் மன்ஸாக்களும் நம்மூர் அரசர்களும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சில காலமாக நமது வட்ஸ்அப் குழுக்களில் மன்ஸா மூஸா பற்றிய வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "உலக வரலாற்றிலேயே மிகப் பெரிய பணக்காரர் ஒரு முஸ்லிம்" என்று தலைப்பு, பிறகு இத்தனை பில்லியன் டொலர் என்று ஒரு கணக்கு. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வகுப்பில் வந்து கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் அந்த டொலர் கணக்கு எந்தப் பழைய நூலிலும் இல்லை. அதைவிட நமக்கு உறுத்துவது வேறொன்று. மூஸாவின் தங்கத்தை மெச்சும் அதே பிள்ளைகள், சுருட்டை முடியுள்ள சக மாணவனை "காப்பிலி" என்று கூப்பிடுகிறார்கள். பெரியவர்களும் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசர் வாய்வழியாக இங்கே வந்தது. பாங்கு சொன்ன பிலால் (ரலி) அவர்களின் சமுதாயம் என்று நம்மைச் சொல்லிக்கொண்டு, அந்த நிறத்து மனிதனை அந்தச் சொல்லால் அழைக்கிறோம்.

எனவே அந்த அரசர்களைப் பற்றிக் கொஞ்சம் ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம். நம்மூரிலிருந்தே தொடங்கலாம்.

1341ஆம் ஆண்டு நான்காம் புவனேகபாகு அரசரானார். மகாவலி கங்கைக் கரையில், கங்காசிரிபுர என்று அன்று அழைக்கப்பட்ட நமது கம்பளை அவரது தலைநகரானது. அதே 1341இல், மேற்கு ஆபிரிக்காவின் மாலி என்ற பேரரசில் மன்ஸா சுலைமான் அரியணை ஏறினார். மூஸாவின் தம்பி அவர். ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இரண்டு நாடுகளையும் தன் கண்ணால் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். தஞ்ஜா நகரத்து இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்தார். 1352இல் சஹாராவைக் கடந்து மாலிக்குப் போனார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "இப்னு பதூதா கம்பளைக்கு வந்தார்" என்று மேடைகளில் முழங்குகிறோம். அவர் புத்தளத்தில் இறங்கினார். யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த அரசனுக்குப் பாரசீகம் புரிந்தது என்றும் எழுதியிருக்கிறார். பாவாதமலைக்குப் போக வழி கேட்டபோது பல்லக்கும், வழித்துணைக்கு நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும், சுமை தூக்கப் பதினைந்து பேரும் கிடைத்தனர். வழியில் 'குனகார்' என்ற தலைநகரைக் கண்டதாகச் சொல்கிறார். நகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது, அரசனும் மக்களும் அதை மதித்தார்கள் என்கிறார். ஆங்கிலேயர் காலத்து எழுத்தாளர் சிலர் குனகாரைக் கம்பளை என்றார்கள். பிற்கால ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதைக் குருநாகல் என்றே கொள்கிறார்கள். பெயரின் ஒலியைப் பார்த்தால் நமக்கும் குருநாகலே பொருத்தமாகப் படுகிறது. நம்மவர் இந்த மண்ணில் அறுநூறு எழுநூறு வருடமாக இருக்கிறோம் என்பதற்கு அவருடைய பயணநூலே போதும். அதில் இல்லாததைச் சேர்த்தால், இருப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே 1344ஆம் ஆண்டுதான் நமக்குப் பக்கத்திலுள்ள கடலாதெனிய விகாரையின் கல்வெட்டும் லங்காதிலக விகாரையின் கல்வெட்டும் பொறிக்கப்பட்டன. லங்காதிலகவில் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். கடலாதெனியவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. கண்டி வீதியில் பஸ்ஸில் போகும்போது தினமும் அந்தப் பக்கம் கடந்து போகிறோம், ஒருநாள் இறங்கிப் பார்ப்பதில்லை.

இனி மாலிக்கு வருவோம். இந்தப் பேரரசை நிறுவியவர்கள் மலின்கே மக்கள். 'மன்ஸா' என்றால் அவர்கள் மொழியில் அரசன். முதலாமவர் சுன்ஜாத்தா கெய்த்தா. 1235 அளவில் கிரினா என்ற இடத்தில் சூமங்குரு என்ற சோசோ அரசனைத் தோற்கடித்து ஆட்சியைத் தொடங்கினார். அவர் கதையை இன்றுவரை 'ஜாலி' எனப்படும் பரம்பரைப் பாடகர்கள் வாய்மொழியாகப் பாடிவருகிறார்கள். ஒரு வேடிக்கை பாருங்கள்: நாம் கொண்டாடும் மூஸாவுக்கு அந்தப் பாடகர்களிடம் பெரிய இடமில்லை. அவர்களுக்கு நாயகன் சுன்ஜாத்தாதான். மூஸாவின் புகழை வளர்த்தது கெய்ரோவின் எழுத்தர்களும், 1375இல் கையில் தங்கக் கட்டியோடு அவரை வரைந்த கட்டலான் வரைபடமும்.

பின்வந்த மன்ஸாக்களின் பட்டியலை இப்னு கல்தூன் தந்திருக்கிறார். அது ஒரே சீரான ராஜவம்சம் அல்ல. ஒருவர் ஹஜ்ஜுக்குப் போனார். இன்னொருவர் புத்தி பேதலித்து, அம்பெய்து சொந்த மக்களையே கொன்றார், மக்கள் அவரைக் கொன்றார்கள். அபூபக்கர் என்பவர் மகள் வழிப் பேரன் என்பதால் அரசரானார். ஸகூரா என்ற விடுதலையான அடிமை அரியணையைக் கைப்பற்றி, நாட்டைப் பெருக்கி, ஹஜ் செய்து திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அடிமையாக இருந்தவர் அரசரானார் என்பதை இப்னு கல்தூன் ஆச்சரியக் குறி போடாமல் சாதாரணமாக எழுதிச் செல்கிறார்.

மூஸா 1312 முதல் 1337 வரை ஆண்டார். 1324இல் ஹஜ் பயணத்தில் கெய்ரோவை அடைந்தார். அங்கே அவர் தங்கத்தை அள்ளிக் கொடுத்ததில் தங்கத்தின் விலையே இறங்கியது. பன்னிரண்டு வருடம் கழித்து எழுதிய அல்-உமரி, அதற்கு முன் ஒரு மித்கால் 25 திர்ஹத்துக்குக் குறையாதிருந்தது, பிறகு 22ஐத் தாண்டவில்லை என்கிறார். வீடியோக்கள் இதோடு நிறுத்திவிடும். அதே அல்-உமரி அடுத்துச் சொல்வதையும் கேளுங்கள். திரும்பும் வழியில் மூஸாவின் கை காலியாகிவிட்டது. கெய்ரோ வியாபாரிகளிடம் கடுமையான இலாபத்துக்குக் கடன் வாங்கித்தான் ஊர் போனார். அவருடைய ஆட்களிடம் அந்த வியாபாரிகள் ஒரு சட்டையை ஐந்து மடங்கு விலைக்கு விற்றார்கள். ஏமாற்றியவர்களும் நம்மவர்தான்.

மூஸாவைப் பற்றி நமக்குப் பிடித்த செய்தி தங்கமல்ல. எகிப்து சுல்தானின் முன்னால் மண்ணை முத்தமிடச் சொன்னபோது முதலில் மறுத்தார். பிறகு, தன்னைப் படைத்த அல்லாஹ்வுக்கே சுஜூது செய்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். இன்னொன்று: குடிமக்களின் அழகான பெண்பிள்ளைகளை நிக்காஹ் இல்லாமலே அரசன் வைத்துக்கொள்வது அவரது நாட்டு வழக்கம். அது ஹராம் என்று கெய்ரோவில் ஒருவர் சொன்னார். அரசர்களுக்குமா என்று கேட்டார் மூஸா. அரசர்களுக்கும்தான், ஆலிம்களிடம் கேளுங்கள் என்றார் அவர். தனக்கு இது தெரியாது, இன்றோடு விட்டுவிட்டேன் என்றார் மூஸா. அவ்வளவு தங்கத்தின் நடுவிலிருந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது சாதாரண விஷயமில்லை.

தங்கம் எங்கிருந்து வந்தது? சுரங்க நாடுகளை மன்ஸாக்கள் நேரடியாக ஆளவில்லை. அங்கே படையெடுத்து மார்க்கத்தைத் திணித்தால் தங்கம் தோண்டுவது நின்றுவிடுகிறது என்று கண்டு, திறை மட்டும் வாங்கிக்கொண்டு அந்த மக்களை அவர்கள் வழியில் விட்டுவிட்டார்கள். பதிலுக்கு வடக்கிலிருந்து உப்பு போனது. தகாஸா என்ற ஊரில் வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டி, ஒட்டகத் தோலால் கூரை போட்டிருந்தார்கள் என்கிறார் இப்னு பதூதா. வலாத்தாவில் எட்டுப் பத்து மித்காலுக்குப் போன ஒரு சுமை உப்பு, மாலி தலைநகரில் இருபது முப்பது மித்கால், சில வேளை நாற்பது. சில்லறைக்கு என்ன பயன்படுத்தினார்கள் தெரியுமா? சோழி. மாலைதீவுக் கடலில் பொறுக்கிய சோழி! மாலைதீவில் காழியாக இருந்தபோது அது ஏற்றுமதியாவதைப் பார்த்தவர், மாலியில் ஒரு தங்க தீனாருக்கு 1150 சோழி என்று விற்பதையும் பார்த்தார். நமக்குப் பக்கத்துக் கடலின் சிப்பி சஹாராவுக்கு அப்பால் காசாகப் புழங்கியிருக்கிறது.

சுலைமானின் தலைநகரில் இப்னு பதூதா 1352 ஜூன் முதல் 1353 பெப்ரவரி வரை தங்கினார். அரசர் வரவேற்புப் பரிசு அனுப்பியிருக்கிறார் என்றதும், பட்டாடையும் பணமும் என்று எண்ணி எழுந்து நின்றார். வந்தது மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, ஒரு சுரைக்குடுவைத் தயிர். சிரித்துவிட்டாராம். பிறகு அரசவையிலேயே எழுந்து, மற்ற சுல்தான்களிடம் உங்களைப் பற்றி என்ன சொல்வேன் என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு வீடும், றமழான் 27இல் 33 மித்காலும் சில்லறையும் கிடைத்தன. 'கஞ்சன்' என்று அவர் சுலைமானுக்கு வைத்த பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டது. நமக்கோ, அண்ணன் காலியாக்கிய கஜானாவைத் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்ததாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் அதே கஞ்சனின் நீதியையும் அவர் எழுதியிருக்கிறார். வலாத்தாவில் ஒரு வியாபாரியிடம் 600 மித்கால் பெறுமதியான பொருளை எடுத்த அதிகாரி, 100தான் தருவேன் என்றான். வியாபாரி தலைநகர் ஜும்ஆவில் எழுந்து முறையிட்டார். சுலைமான் அந்த அதிகாரியை வரவழைத்து, பணத்தைக் கொடுக்கச் செய்து, பதவியைப் பறித்தார். அந்த நாட்டில் அநியாயம் குறைவு, வழிப்போக்கனுக்குப் பயமில்லை, இறந்துபோன அந்நியனின் சொத்தில் யாரும் கை வைப்பதில்லை என்கிறார். ஜும்ஆவுக்குப் பிந்தினால் இடமில்லை. அதனால் பணிப்பையனிடம் தொழுகைப் பாயைக் கொடுத்து முன்கூட்டியே அனுப்புவார்களாம்.

சுலைமானின் பட்டத்தரசி காஸா. ஆட்சியில் பங்காளி, குத்பாவில் அவர் பெயரும் சொல்லப்பட்டது. சுலைமான் அவரை அடைத்துவிட்டு, அரச குலமல்லாத பன்ஜு என்பவரை அந்த இடத்தில் வைத்தார். அரச குடும்பத்துப் பெண்கள் புதியவருக்குத் தலையில் மண் போட்டு மரியாதை செய்ய மறுத்தார்கள். விடுதலையான காஸாவுக்கு மட்டும் போட்டார்கள். பிறகு காஸா, நாடு கடத்தப்பட்ட ஒரு உறவினனுக்குப் படை தயார் என்று செய்தி அனுப்பியது வெளிப்பட்டது. மரணத்துக்குரிய குற்றம் என்றனர் தளபதிகள். காஸா கத்தீபின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். 1360இல் சுலைமான் இறந்த பிறகு உள்நாட்டுச் சண்டை வந்தது. வென்ற இரண்டாம் மாரி ஜாத்தா, பரம்பரையாகக் காத்துவந்த பெரிய தங்கக் கட்டியைக் குறைந்த விலைக்கு எகிப்திய வியாபாரிகளுக்கு விற்றுவிட்டு, தூக்க நோயில் இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் மூஸா நல்லவர், ஆனால் அதிகாரமெல்லாம் வஸீரின் கையில்.

இதை வாசிக்கும்போது நமக்கு நம்மூர் நினைவு வருகிறது. அதே ஆண்டுகளில் கம்பளையில் மூன்றாம் விக்கிரமபாகுவும் ஐந்தாம் புவனேகபாகுவும் பெயருக்கு அரசர்கள். ஆண்டது அழகக்கோனார் குடும்பம். தென்னிந்தியாவிலிருந்து வந்து, கோட்டையைக் கட்டி, யாழ்ப்பாணத்து வரி வசூலிப்பவர்களை விரட்டிய அமைச்சர் குடும்பம். கடைசியில் 1411இல் சீனத் தளபதி செங் ஹோ, வீர அழகேஸ்வரரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். அந்தச் செங் ஹோவும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவர் காலியில் விட்டுச்சென்ற கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கின்றன.

கடைசியாக அடிமைகள் விஷயம். இதை மறைத்துவிட்டு மன்ஸாக்களைக் கொண்டாட நமக்கு மனமில்லை. மூஸாவின் தங்கத்தைச் சுமந்தவர்களும் அடிமைகளே. இப்னு பதூதா ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். ஒருவர் பெயரும் இல்லை. இலங்கையிலும், கொழும்பில் ஜலஸ்தி என்ற கடல் தலைவனிடம் சுமார் 500 அபிசீனியர்கள் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆபிரிக்க மனிதன் இந்த நாட்டுக்குப் போர்த்துக்கீசர் காலத்தில்தான் வந்தான் என்று நினைப்பவர்கள் அந்த வரியை வாசிக்க வேண்டும். நாம் அந்தச் சொல்லால் கேலி செய்யும் முகம் இந்தத் தீவில் 1344லேயே இருந்தது, நமது பள்ளிவாசல்களைப் பற்றிய சாட்சி இருக்கும் அதே புத்தகத்தில்.

உயர்தர வரலாற்றுப் பிள்ளைகளோடு அடுத்த தவணையில் லங்காதிலகவுக்கும் கடலாதெனியவுக்கும் போக நினைத்திருக்கிறோம். வர விரும்பும் பெற்றோர் கமெண்டில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பழைய காணி உறுதி, அரபுத்தமிழ்க் கிதாபு, வாப்பா உம்மா காலத்துக் கடிதம் ஏதும் இருந்தால், கறையான் அரிக்கும் முன் படம் பிடித்து வையுங்கள்.