ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம்

ஹெர்மிடேஜ், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள அரசு அருங்காட்சியகம். நேவா ஆற்றங்கரையை ஒட்டி ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் குளிர்கால அரண்மனை, சிறிய ஹெர்மிடேஜ், பழைய ஹெர்மிடேஜ், புதிய ஹெர்மிடேஜ், ஹெர்மிடேஜ் நாடக அரங்கு ஆகிய ஐந்தும் இதன் முதன்மைக் கட்டடங்கள். ஓவியம், சிற்பம், நாணயம், தொல்பொருள் என முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இங்கே உள்ளன. பேரரசர்கள் எதை, எப்போது, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதையே இதன் வரலாறாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் வாங்கியவர்களுக்கு உள்ள பங்கு, தீயிலிருந்தும் ஏலத்திலிருந்தும் பீரங்கிக் குண்டுகளிலிருந்தும் அவற்றைக் காத்த ஊழியர்களுக்கும் உண்டு. இரண்டில் எது பெரிது என்றால், காத்தவர்களின் பங்கே பெரிது.

தோற்றம்

குளிர்கால அரண்மனையைப் பேரரசி எலிசபெத்துக்காக 1754 முதல் 1762 வரை கட்டியவர் இத்தாலிய வழிவந்த கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி. எலிசபெத் அதில் குடியேறும் முன்பே இறந்துவிட்டார். அதே 1762-இல் தன் கணவரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்த இரண்டாம் கேத்தரினுக்கு அரண்மனை கிடைத்தது. அந்தப் பெரிய மாளிகையின் பக்கத்திலேயே நெருங்கிய நண்பர்களுடன் பேசி, உண்டு, விளையாடச் சிறிய மாளிகை ஒன்றை அவர் கட்டிக்கொண்டார். ஓவியங்கள் முதலில் தொங்கியது அங்கேதான். உள்ளே வருபவர்கள் வாளையும் தொப்பியையும் போலவே தங்கள் பதவியையும் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று விதிகளே எழுதி வைத்திருந்தார்.

அருங்காட்சியகம் தன் பிறந்த ஆண்டாகக் கருதுவது 1764. அந்த ஆண்டு பெர்லின் வணிகர் கோட்ஸ்கோவ்ஸ்கியிடமிருந்து ஓவியத் தொகுதி ஒன்று வந்து சேர்ந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்குக்காக அவர் சேர்த்தவை அவை. ஏழாண்டுப் போர் மன்னரின் கருவூலத்தைக் காலி செய்துவிட்டது. வணிகரும் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். பிரெடரிக்கால் வாங்க முடியாததைக் கேத்தரின் வாங்கினார். கலை ரசனையைவிட அரசியல் கணக்கே இதில் அதிகம். ஐரோப்பியத் தலைநகரங்கள் இந்தப் புது அரசியைக் கவனிக்கத் தொடங்கின.

அதன்பின் தொகுதி தொகுதியாகவே வாங்கினார். 1769-இல் டிரெஸ்டனிலிருந்து புரூல் பிரபுவின் சேகரிப்பு வந்தது. 1772-இல் பாரிசின் குரோசா சேகரிப்பு. தத்துவ அறிஞர் தீதரோ இடைநின்று பேசி முடித்த வாங்கல் அது. ஜோர்ஜோனேயின் ‘ஜூடித்’, ரெம்பிராண்டின் ‘டானாயே’ இரண்டும் வந்தது அதில்தான். 1779-இல் பிரிட்டனின் முதல் பிரதமர் ராபர்ட் வால்போலின் சேகரிப்பை அவருடைய பேரன் விற்றார். அதை நாட்டுக்காக வாங்கி வைக்க வேண்டும் என்று ஜான் வில்க்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றத்தில் பேசியிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. லண்டனில் தேசிய ஓவியக் கூடம் அமைய 1824 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்திய வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்று, கேத்தரினுக்கும் முந்தியது. 1739-இல் தில்லியைச் சூறையாடிய பாரசீக மன்னர் நாதிர் ஷா, 1741-இல் ரஷ்ய அரசவைக்குப் பெரும் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். யானைகளுடன் வந்த அந்தக் குழு, முகலாயர் கருவூலத்து மாணிக்கமும் மரகதமும் பதித்த அணிகலன்களையும் பரிசாகக் கொண்டுவந்தது. அவை இன்றும் ஹெர்மிடேஜின் பொற்கூடத்தில் உள்ளன.

தீயும் புதிய கட்டடமும்

பழைய நாள்காட்டிப்படி 1837 டிசம்பர் 17 அன்று குளிர்கால அரண்மனையில் தீப்பற்றியது. புகைபோக்கிக் குழாய்களின் வழியாகச் சுவர்களுக்குள்ளே பரவிய தீ முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. ஓவியக் கூடத்துக்கும் அரண்மனைக்கும் இடையிலான இணைப்புகளை இடித்துத் தள்ளவும், திறப்புகளைச் செங்கல் வைத்து அடைக்கவும் பேரரசர் முதலாம் நிக்கலஸ் உத்தரவிட்டார். அரண்மனையின் உட்புறம் சாம்பலானது, ஓவியங்கள் பிழைத்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைக் கொடுங்குளிரில் வேலை வாங்கி 1839 ஈஸ்டருக்குள் அரண்மனையின் முக்கிய மண்டபங்கள் மீண்டும் எழுப்பப்பட்டன. இந்த வேகத்தைச் சாதனையாகப் போற்றும் நூல்கள், அதற்காக உயிரை விட்டவர்களைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன.

முனிக் நகரில் தான் பார்த்த அருங்காட்சியகங்களைப் போல ஒன்று வேண்டும் என்று விரும்பிய நிக்கலஸ், அவற்றைக் கட்டிய லியோ ஃபான் கிளென்ஸேயையே அழைத்தார். அப்படி எழுந்த புதிய ஹெர்மிடேஜ் 1852-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தெரேபெனெவின் சிற்பக்கூடத்தில் சாம்பல் நிறக் கருங்கல்லில் செதுக்கப்பட்ட பத்து அட்லஸ் சிலைகள் அதன் வாயில் மண்டபத்தைத் தோளில் தாங்கி நிற்கின்றன. பொதுமக்கள் என்ற சொல்லை இங்கே கவனமாகவே படிக்க வேண்டும்: அனுமதிச் சீட்டும் தகுந்த உடையும் இல்லாதவர்களுக்கு முதலில் இடமில்லை. 1863-இல் பொறுப்பேற்ற இயக்குநர் கெதியோனோவின் காலத்தில்தான் வாசல் உண்மையிலேயே அகலத் திறந்தது. லியொனார்டோவின் ‘மடோனா லிட்டா’வை மிலானில் வாங்கி வந்தவரும் அவரே. புதிய கட்டடம் தந்த நிக்கலஸ், இடமில்லை என்றும் தரமில்லை என்றும் சொல்லி 1200-க்கும் மேற்பட்ட ஓவியங்களை ஏலம் விட்டவரும்கூட.

புரட்சியும் விற்பனையும்

முதல் உலகப் போரில் குளிர்கால அரண்மனையின் மண்டபங்கள் காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனையாயின. 1917-இல் ஜெர்மன் படை நெருங்கியபோது ஓவியங்களின் பெரும்பகுதி மாஸ்கோவுக்கு அனுப்பப்பட்டது. அக்டோபர் புரட்சி நடந்த சில நாள்களிலேயே கல்வி ஆணையர் லுனாசார்ஸ்கி, அரண்மனையும் ஹெர்மிடேஜும் அரசு அருங்காட்சியகங்கள் என்று அறிவித்தார். பிரபுக் குடும்பங்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட சேகரிப்புகளும் வந்து குவிந்தன.

ஆனால் ஹெர்மிடேஜில் இருந்தவற்றில் சிறந்தவை சில ஏறக்குறைய பத்தாண்டுகளில் வெளியேறத் தொடங்கின. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. 1920-களின் இறுதியில் சோவியத் அரசு ஓவியங்களை ரகசியமாக விற்றது. எண்ணெய் வணிகர் கலூஸ்ட் குல்பென்கியான் வாங்கிய ரெம்பிராண்ட், ரூபன்ஸ் ஓவியங்களும் ஊடோனின் ‘டயானா’ சிலையும் இன்று லிஸ்பனில் உள்ளன. அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் 1930, 1931 ஆண்டுகளில் 21 ஓவியங்களைச் சுமார் 66 லட்சம் டாலருக்கு வாங்கினார். ரஃபேலின் ‘ஆல்பா மடோனா’, யான் ஃபான் எய்க்கின் ‘நற்செய்தி அறிவிப்பு’ இரண்டும் அவற்றில் அடங்கும். வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடம் மெலனின் கொடையால் உருவானது.

இந்த விற்பனைக்குக் காப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. கீழைநாட்டுத் துறையின் தலைவரான ஆர்மீனிய அறிஞர் இயோசிஃப் ஓர்பெலி, சசானியர் காலத்து வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுக்க மறுத்தார். 1932-இல் நேரடியாக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். கீழைநாட்டுப் பொருள்களைத் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்திடுவது உயிரைப் பணயம் வைப்பதுதான். 1934-இல் ஓர்பெலி அருங்காட்சியகத்தின் இயக்குநரானார்.

முற்றுகை

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் நாட்டின் மீது படையெடுத்தது. அன்றே ஹெர்மிடேஜில் பொதி கட்டும் வேலை தொடங்கியது. பெட்டிகளும் பட்டியல்களும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தன. போர் வராது என்று மேலிடம் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலும் ஓர்பெலி அதற்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஊழியர்களோடு ஓவியர்களும் மாணவர்களும் சேர்ந்து இரவும் பகலும் உழைத்தார்கள். சிறிய ஓவியங்கள் தடுப்பு வைத்த பெட்டிகளுக்குள் நிறுத்தி வைக்கப்பட்டன. பெரியவை சட்டங்களிலிருந்து பிரிக்கப்பட்டு உருளைகளில் சுற்றப்பட்டன. ஜூலை 1 அன்று முதல் ரயில் சுமார் ஐந்து லட்சம் பொருள்களுடன் புறப்பட்டது. இருபது நாள்களுக்குள் ஏறக்குறைய ஏழு லட்சம் பொருள்களுடன் இரண்டாவது ரயிலும் கிளம்பியது. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் உரால் மலைப் பகுதியின் ஸ்வெர்த்லோவ்ஸ்க். மூன்றாவது ரயிலுக்கான பெட்டிகள் கூடங்களிலேயே தங்கிவிட்டன. செப்டம்பர் 8 அன்று லெனின்கிராட் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அப்போதைய பெயர்) முற்றுகைக்குள்ளானது. 1944 ஜனவரி 27 வரை அது முழுமையாக விலகவில்லை.

ஓவியங்கள் போனாலும் சட்டகங்கள் சுவரிலேயே விடப்பட்டன. திரும்பி வரும்போது ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே வர வேண்டும் என்பது காரணம். நிலவறைகளில் பன்னிரண்டு பதுங்கிடங்கள் அமைக்கப்பட்டு, ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினரும் நகரின் அறிஞர்களும் கலைஞர்களுமாக ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். பழுது பார்க்கும் வேலைக்காக வாங்கி வைத்திருந்த ஆளிவிதை எண்ணெயும் தச்சுப் பசையும் உணவாயின. ஆற்றில் நின்ற ‘துருவ நட்சத்திரம்’ கப்பலிலிருந்து கம்பி இழுத்துச் சில அறைகளுக்குச் சிறிது காலம் மின்சாரம் கிடைத்தது. கூரைகளில் தீக்காவல் இருந்தவர்களில் ஒருவர், தொல்லியலாளர் போரிஸ் பியோத்ரோவ்ஸ்கி. உராற்று நாகரிகம் பற்றிய தன் நூலை அந்தக் குளிரிலேயே எழுதத் தொடங்கியவர் அவர். சாக நேர்ந்தால் தெரிந்தது தன்னோடு அழிந்துவிடக் கூடாது என்ற எண்ணம் பலரையும் அப்படி எழுத வைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த இரண்டு விழாக்களை இன்று படிக்கும்போதும் வியப்பு தாளவில்லை. 1941 அக்டோபரில் கவிஞர் நிஸாமியின் எண்ணூறாவது ஆண்டு விழா. பேசுவதற்காகச் சில அறிஞர்கள் போர்முனையிலிருந்தே வந்தார்கள். டிசம்பரில், நகரில் பசிச்சாவு பெருகியிருந்த வேளையில், உஸ்பெக் இலக்கியத்தின் முன்னோடி நவாயியின் ஐந்நூறாவது ஆண்டு விழா. தன் மொழிபெயர்ப்புகளை வாசித்த இளம் அறிஞர் நிக்கலாய் லெபெதேவுக்கு நிற்கக்கூடப் பலமில்லை, உட்கார்ந்தபடியே வாசித்தார். சில நாள்களில் இறந்துபோனார். முற்றுகையிட்டவர்கள் தாழ்ந்த இனத்தார் என்று முத்திரை குத்திய மக்களின் கவிதைகள் அந்த அரங்கில் ஒலித்தன. அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

1942 வசந்தத்தில் பனி உருகியபோது வேறொரு ஆபத்து வந்தது. குழாய்கள் வெடித்து, பீங்கான் பொருள்கள் வைத்திருந்த நிலவறையில் தண்ணீர் புகுந்தது. பெரும்பாலும் பெண்களாயிருந்த ஊழியர்கள், இருட்டில் தண்ணீருக்குள் நடந்து, காலால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். பூஞ்சை பிடித்த இருக்கைகளும் திரைகளும் முற்றத்தில் வெயிலுக்குக் கொண்டுவரப்பட்டன. கேத்தரினின் தொங்குத் தோட்டத்தில் காய்கறி பயிரானது. துப்புரவுப் பணியில் உதவிய படைவீரர்களுக்கு நன்றியாக, வழிகாட்டி பாவெல் குப்செவ்ஸ்கி அவர்களை வெற்றுச் சட்டகங்களின் முன் அழைத்துச் சென்றார். எந்தச் சட்டகத்தில் எந்த ஓவியம் இருந்தது, அதில் யார் எங்கே நின்றார், ஒளி எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று நினைவிலிருந்தே சொல்லிக்கொண்டு போனார்.

முற்றுகைக் காலத்தில் சுமார் முப்பது பீரங்கிக் குண்டுகள் ஹெர்மிடேஜ் கட்டடங்களைத் தாக்கின. 1946 பிப்ரவரியில் நியூரம்பர்க் விசாரணையில் ஓர்பெலி இதற்குச் சாட்சி சொன்னார். ஸ்வெர்த்லோவ்ஸ்கிலிருந்து 1945 அக்டோபரில் ரயில்கள் திரும்பின. சட்டகங்கள் இடம் மாறாமல் இருந்ததால் ஓவியங்களை மாட்டும் வேலை விரைவாக முடிந்தது. நவம்பரிலேயே 69 கூடங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன.

போருக்குப் பின்

1948-இல் மாஸ்கோவின் புதிய மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் மூடப்பட்டது. சுகின், மொரோசோவ் என்னும் இரு மாஸ்கோ வணிகர்கள் புரட்சிக்கு முன் சேர்த்த பிரெஞ்சு ஓவியங்கள் இரு நகரங்களுக்கும் பங்கிடப்பட்டன. மத்தீஸின் ‘நடனம்’ லெனின்கிராடுக்கு வந்தது. முதலாளித்துவக் கலை என்று அதிகாரிகள் முகம் சுளித்ததால், பல ஆண்டுகள் கிடங்கிலேயே சுருண்டு கிடந்து, ஸ்டாலின் மறைந்தபின் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது.

1985 ஜூன் 15 அன்று பார்வையாளர் ஒருவர் ‘டானாயே’ மீது கத்தியால் குத்தி அமிலத்தை ஊற்றினார். காப்பாளர்கள் உடனடியாகத் தண்ணீரால் கழுவத் தொடங்கினார்கள். சீரமைப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1997-இல் ஓவியம் மீண்டும் காட்சிக்கு வந்தது.

போர் முடிவில் ஜெர்மனியிலிருந்து எடுத்து வந்து ஐம்பது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்த ஓவியங்களை 1995-இல் ஹெர்மிடேஜ் வெளியே காட்டியது. அவை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. 2006-இல் இருநூறுக்கும் மேற்பட்ட நகைகளும் எனாமல் வேலைப் பொருள்களும் காணாமற்போனது தெரியவந்தது. பொருள்களைப் பதிவு செய்யும் முறை எவ்வளவு பழையது என்பதை நாடே அப்போது கண்டது. எலிகளைப் பிடிக்க எலிசபெத் 1745-இல் கசானிலிருந்து வரவழைத்த பூனைகளின் வழக்கம் மட்டும் தொடர்கிறது. நிலவறைகளில் இன்றும் சுமார் ஐம்பது பூனைகள் வளர்க்கப்படுகின்றன.

கூரையில் தீக்காவல் இருந்த போரிஸ் பியோத்ரோவ்ஸ்கி 1964 முதல் 1990-இல் இறக்கும்வரை இயக்குநராக இருந்தார். 1992 முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் அவருடைய மகன் மிக்கயீல். அரண்மனைச் சதுக்கத்துக்கு எதிரிலுள்ள படைத் தலைமையகக் கட்டடத்தின் கிழக்குப் பகுதி இவர் காலத்தில் சேர்ந்தது; மத்தீஸும் பிக்காசோவும் இப்போது அங்கே இருக்கிறார்கள். 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது மிக்கயீல் பியோத்ரோவ்ஸ்கி வெளிப்படையாகத் தன் அரசின் பக்கம் நின்றார். ஆம்ஸ்டர்டாமில் இயங்கிய ஹெர்மிடேஜ் கிளை அந்த மார்ச்சிலேயே உறவை முறித்துக்கொண்டு, 2023-இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.