எரியாத ஸ்டோரும் எரிந்த லயமும்

மலையகத்தில் போர் நடக்கவில்லை என்று வாதிடுவோர் முதலில் காட்டுவது கட்டடங்களைத்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரால் பாழடைந்து கிடந்ததை வடக்கே போய்வந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அட்டன், நுவரெலியாப் பக்கம் அப்படி ஒன்றைக் காட்டுவது கடினம். கைவிடப்பட்ட தேயிலை ஸ்டோர்கள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகள், உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றை மூடியது குண்டு அல்ல, வரவு செலவுக் கணக்கு. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் பல்லாண்டு பூட்டிக் கிடந்து, 1990களில் ஓட்டலாக மாறியது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட ஸ்டோர் கைவிடப்பட்டு, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பார்வைக்கு இந்தச் சான்று வலுவானதுதான். ஆனால் ஒரு மக்களின் போர் இழப்பை ஆலைகளின் இடிபாடுகளைக் கொண்டு அளப்பதென்றால், அந்த ஆலைகள் முதலில் அந்த மக்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும். கொழுந்து பறித்தவர்களுக்கு ஸ்டோர் ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை.

உடைமை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலின்போது இரத்மலானை காட்டியது. கொழும்புக்குத் தெற்கே உள்ள அந்தத் தொழிற்பேட்டையில் தமிழருக்குச் சொந்தமான ஆடைத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ரிலையன்ஸ், மான்ஹட்டன் போன்றவை சாம்பலாயின. அதே வட்டாரத்தில் இந்தியர் நடத்திய குந்தன்மால்ஸ், ஒக்ஸ்போர்ட், பக்சன்ஸ் ஆகியவை தாக்கப்படவில்லை. கோபம் கொண்ட கும்பல் கண்மண் தெரியாமல் கொளுத்தியது என்ற விளக்கம் இந்த இடத்தில் நொறுங்கிவிடுகிறது. கண்மண் தெரியாத கும்பலுக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த முதலாளி இருக்கிறார் என்பது தெரிந்திராது. கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள் என்ற சாட்சியங்களும் உண்டு. சர்வதேச நீதிபதிகள் ஆணைக்குழுவுக்காக 1984இல் அறிக்கை எழுதிய போல் சீகார்ட்டும், இது முன்கூட்டித் திட்டமிடப்பட்ட செயல் என்ற முடிவுக்கே வந்தார்.

இதே அளவுகோலோடு மலைக்கு ஏறுவோம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. ஆகவே 1983இல் தோட்டத்து ஸ்டோர் என்பது பெரும்பாலும் ஜனவசம என்ற அரச தோட்ட நிறுவனத்தின் சொத்து, அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் சொத்து. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த சொத்து. அந்த ஜூலையில் நுவரெலியா நகரத்துத் தமிழ்க் கடைகள் தீக்கிரையாயின. வேறு மலையக நகரங்களிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. சில தோட்டங்களில் நெருப்பு தொழிலாளர் குடியிருந்த லயங்கள்வரை வந்தது. குறி ஸ்டோர் அல்ல, கடையும் லயத்துக் காம்பராவும்தான். ஸ்டோர் நின்றதைக் காட்டி வன்செயல் சிறியது என்பது, எரித்தவர்களின் தெரிவையே அவர்களுக்குச் சாதகமான சாட்சியாக்குவது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட: 1987–89 கிளர்ச்சியின்போது ஜே.வி.பி. தேயிலைத் தொழிற்சாலைகளையும் எரித்ததே? எரித்தது உண்மை. பஸ்களையும் மின்மாற்றிகளையும் தகர்த்த அதே கை, அரசின் வருமானத்தை முடக்குவதற்காக ஸ்டோரையும் தொட்டது. 1983இல் எதிரி தமிழர், அப்போது தமிழரின் உடைமை எரிந்தது. 1988இல் எதிரி அரசு, அப்போது அரசின் உடைமை எரிந்தது. மறுப்பாக வந்த செய்தி வாதத்துக்கே துணைநிற்கிறது.

லயத்தில் எரிவதற்கு என்ன இருந்தது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, மேலே தகரம். கருங்கல் சுவர் நெருப்பில் விழாது. கூரை மாற்றினால் மறுபடி ஆள் குடியிருக்கலாம், இடிபாடு என்று ஒன்றும் மிஞ்சாது. போவது உள்ளே இருந்த தகரப்பெட்டியும் அதிலிருந்த கடுதாசிகளும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களில், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். பிறப்புச் சான்றிதழும் குடியுரிமை விண்ணப்பத் துண்டும் இல்லாதவர் எந்தப் பங்கிலும் சேர முடியாமல் அலைந்த காலம் அது. எரிந்த கடைக்கு மதிப்புப் போடலாம். எரிந்த விண்ணப்பத் துண்டுக்கு எவரும் மதிப்புப் போடவில்லை. போதாக்குறைக்கு 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள்கூட, போகவும் முடியாமல் இருக்கவும் உரிமை இல்லாமல் அதே காம்பராக்களில் தேங்கினார்கள்.

ஊரைவிட்டே போனவர்களின் வழியையும் பார்க்க வேண்டும். 1973–74இன் தோட்டப் பட்டினி சிலரை வடக்கே தள்ளியது, 1977 ஓகஸ்ட் வன்செயல் இன்னும் பலரை, 1983 மேலும் பலரை. கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் அவர்களைக் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டன. அங்கே கைதிகளின் குடியேற்றம் வந்தது, அந்த ஆண்டு நவம்பரில் புலிகளின் தாக்குதலில் அந்தக் குடியேற்றவாசிகள் கொல்லப்பட்டார்கள். வன்னியிலே தங்கிவிட்ட மலையகத்தார் 2009வரை ஒவ்வொரு இடப்பெயர்விலும் நடந்தார்கள். அவர்கள் போன பிறகு பட்டது வன்னியின் வரலாறு, மலையகத்தின் வரலாறு அல்ல என்று சிலர் கோடு கிழிக்கிறார்கள். அந்தக் கோட்டை ஏற்க முடியாது. அட்டனில் வாழ முடிந்திருந்தால் அவர்களில் பலர் கிளிநொச்சிக்குப் போயிருக்க மாட்டார்கள். இன்று அவர்களில் பலர் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர் என்றே பதியப்படுகிறார்கள். அதனால் அவர்களுடைய சாவும் இழப்பும் வேறொரு தலைப்பின் கீழ்ப் போய்ச் சேர, மலையகத்தின் பக்கம் வெற்றாகத் தெரிகிறது. மலையகத்தின் போர்ச் சேதத்தைக் கணக்கெடுக்க வருபவர், நுவரெலியா மாவட்டத்தோடு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.