உலோகத்தில் ஆழ்துளையிடல்

கடின உலோகத்தில், விட்டத்தைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட ஆழத்துக்குக் கோணாமல் துளை போடும் தொழில்நுட்பம் ஆழ்துளையிடல் எனப்படும். சாதாரண டிரில் பிட் இதற்கு உதவாது. நீளம் கூடக்கூட அது வளைந்து வழிவிலகும்; வெட்டுண்ட சீவல்கள் அதன் திருகுக் காடியில் அடைத்துக்கொள்ளும்; முனைக்கு எண்ணெய் எட்டாததால் சூடேறி மழுங்கும். இந்த மூன்று இடர்களுக்கும் ஒவ்வொன்றாக விடை கண்டதே இத்தொழிலின் வரலாறு.

பீரங்கிக் காலம்

தொடக்கத்தில் பீரங்கிகளை நடுவே களிமண் கரு வைத்து வார்த்தார்கள். உருகிய உலோகத்தின் வேகத்தில் கரு சற்றே நகர்ந்தாலும் துளை ஒருபக்கம் ஒதுங்கிவிடும். பின்னர் அதைக் குடைந்து சீர்செய்தாலும், வெட்டுக்கருவி பழைய கோணல் வழியிலேயே போகும். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் மாரிட்ஸ், பீரங்கியைத் திடமாகவே வார்த்துப் பின்பு துளையிடும் முறையை வளர்த்தார்.

கிடைமட்ட இயந்திரங்களில் கருவி சுழலாமல் நிற்க, பீரங்கியே சுழன்றது. இதில் முனை மையம் விலகினால், சுழலும் உலோகமே அதை மையத்தை நோக்கித் தள்ளும். 1770இல் நெதர்லாந்திலிருந்து இங்கிலாந்தின் வூலிச் வார்ப்பாலைக்குப் போன யான் வெர்ப்ரூகன் இம்முறையை அங்கே கொண்டுசென்றார். ஆங்கிலேய இரும்புத் தொழிலதிபர் ஜான் வில்கின்சன், வார்ப்பிரும்புப் பீரங்கிகளைத் திடமாக வார்த்துத் துளையிடும் முறைக்கு 1774இல் காப்புரிமை பெற்றார். அது 1779இல் ரத்தானது.

மியூனிக் ஆயுதச்சாலையில் ரம்ஃபோர்டு பிரபு, துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்தார். வேண்டுமென்றே மழுங்கிய கருவியைப் பொருத்தி, பீரங்கி வார்ப்பைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்துக் குதிரைகளால் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. 1798இல் வெளியான அவரது கட்டுரை, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவு என வாதிட்டது.

கன் டிரில்

துப்பாக்கிக் குழல்களை முன்பு இரும்புத் தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்தே செய்தார்கள். உருக்குக் கம்பியையே நேராகத் துளைக்கத் தொடங்கியபோது உருவானது கன் டிரில். இதற்கு வெட்டுவிளிம்பு ஒன்றுதான். ஒருபக்கமே வெட்டுவதால் எழும் விசை, எதிர்ப்புறத் தாங்கு பட்டைகளைத் துளையின் சுவரில் அழுத்துகிறது. எனவே போட்ட துளையே அடுத்த வெட்டுக்கு வழிகாட்டியாகிறது. தொடங்கும் இடத்தில் சுவர் இராததால், அங்கு மட்டும் துல்லியமான வழிகாட்டு வளையம் (புஷ்) தேவைப்படும். தண்டின் உட்குழாய் வழியே உயர் அழுத்தத்தில் பாயும் எண்ணெய், முனையைக் குளிர்வித்து, சீவல்களை 'வி' வடிவக் காடி வழியே வெளியே அடித்துச் செல்லும்.

குழாய் முறைகள்

பெரிய விட்டங்களில் வெளியேறும் சீவல்கள் துளையின் சுவரைக் கீறின. 1940களில் ஜெர்மனியில் உருவான பி.டி.ஏ. முறை எண்ணெயின் பாதையை மாற்றியது: குழாய்க்கும் சுவருக்கும் இடையே எண்ணெய் உள்ளே போகும், சீவல்கள் குழாயின் நடுவழியே வெளியேறும். முழுவட்டக் குழாய் முறுக்கத்தை நன்றாகத் தாங்குவதால் வேகமும் கூடியது. மிகுந்த நேர்மை வேண்டிய இடத்தில் பணிப்பொருளையும் கருவியையும் எதிரெதிர்த் திசைகளில் சுழற்றுவார்கள்.

இன்றைய பயன்

கிராங்க்சாஃப்டின் எண்ணெய்ப் பாதைகள், பிளாஸ்டிக் அச்சுகளின் குளிர்நீர்க் கால்வாய்கள், வெப்பப் பரிமாற்றிகளின் குழாய்த் தகடுகள் ஆகியவை இம்முறைகளில் துளைக்கப்படுகின்றன. டர்பைன் இறக்கைகளில் வரும் மிக நுண்ணிய துளைகளுக்கு மின்பொறி அரிப்பு முறை பயன்படுகிறது. உலோகம் எவ்வளவு கடினமானாலும், மின்சாரத்தைக் கடத்தினால் போதும். அதில் துளை போடலாம்.